இராப்போஜனத்துக்குப் பேர் கொடுத்தவன்

நேரில் பேசும்போது ஜனங்கள் என்னை ‘ஐயரவிய’, அதாவது ஐயர் அவர்கள், என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘அடிக்கிற ஐயர்’. இரண்டும் எனக்குத் தெரியும். இரண்டாவதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எங்கள் பக்கத்துப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், அவர் எந்த வீட்டில் பிறந்தவராக இருந்தாலும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீடு. இராஜபாளையம், வத்திராயிருப்பு, கூமாப்பட்டி என்று மலையடிவாரம் நெடுகச் சிதறிக் கிடந்த சின்னச் சின்ன சபைகளுக்கெல்லாம் நான் ஒருவன்தான் குருவானவர். சாதாரண ஞாயிறுகளில் அந்தந்த ஊர் உபதேசியார் ஆராதனை நடத்திவிடுவார். ஞானஸ்நானம், கல்யாணம், அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற இராப்போஜனத் திருவிருந்து என்றால் நான் போக வேண்டும். நடந்தும் போனேன், மாட்டு வண்டியிலும் போனேன், யுத்தம் வந்த பிறகு பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு இருமி இருமி ஓடிய பஸ்ஸிலும் போனேன்.

போன இடத்திலெல்லாம் அடித்தேன். பிரசங்கத்தில் தூங்கியவன் காதைத் திருகியிருக்கிறேன். பொய்க் கணக்குச் சொன்ன உபதேசியார் ஒருவரைக் குடைக் கம்பால் விளாசியிருக்கிறேன். கூமாப்பட்டியில் ஒருவன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை மிதித்தான் என்று கேள்விப்பட்டுப் போய், நடுத்தெருவில் என் கைத்தடி முறிகிற வரை அவனை அடித்தேன். அவன் பேசாமல் வாங்கிக்கொண்டான். அவன் பெண்டாட்டிதான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“எம்புருசன அடிக்கதுக்கு நீரு யாருய்யா? நான் வாங்குன அடி, நான் பாத்துக்கிடுதேன்” என்று என் தோளில் இரண்டு போட்டாள். ஊர் சிரித்தது. வீட்டுக்கு வந்து சொல்லி நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. “அவளுக்கு இருக்க தைரியம் எனக்கு இல்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

ஏனென்றால் வீட்டிலும் இதே கைதான். அடியாத மாடு படியாது என்பது என் கொள்கை. பிள்ளைகள் நால்வரில் என் கை படாதது ஒன்றும் இல்லை. மனைவியை இரண்டு தடவை அடித்திருந்தேன். இரண்டு தடவையும் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவளிடம் கேட்கவில்லை. மூன்றாவது தடவையைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அவளுக்கு ஒரு தம்பி. தாய் செத்தபோது அவனுக்கு நான்கு வயது, இவளுக்குப் பதினொன்று. இவள்தான் குளிப்பாட்டி, ஊட்டி, பேன் பார்த்து வளர்த்தாள். கல்யாணமாகி என் வீட்டுக்கு வந்தபோது மூட்டை முடிச்சோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். பதினெட்டு வயது வரை என் வீட்டில்தான் சாப்பிட்டான், என்னிடம் அடியும் வாங்கினான். பிறகு வத்திராயிருப்பில் தகப்பன் விட்டுப்போன வயலைப் பார்க்கப் போனான். நல்ல உழைப்பாளி. வாய்தான் ஆகாது. கோபம் வந்தால் கண் தெரியாது. “உங்ககிட்ட வளந்தவன்தான?” என்பாள் என் மனைவி.

அவன் வயலுக்கு மேல் வயல் அவர்களுடைய பெரியப்பா மகனுடையது. என் மைத்துனனுக்கும் என் மனைவிக்கும் அவன் அண்ணன் முறை. எல்லாரும் அண்ணன் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பேச்சு குறைந்த மனிதன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவான், பிரசங்கத்தில் தூங்கமாட்டான். சபையில் என் பிரசங்கத்துக்குப் பயப்படுகிற ஆள் யார் என்று கேட்டால் முதலில் அவனைத்தான் சொல்லியிருப்பேன்.

ஒரு கோடையில் கண்மாய்த் தண்ணீர் இறங்கிவிட்டது. ஆளுக்கு இத்தனை நாழிகை என்று முறைத்தண்ணீர்தான். அண்ணனுடைய முறையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை என் மைத்துனன் மடையை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பினான். அண்ணன் வந்து மடையை அடைத்தான். இவன் மறுபடி வெட்டினான். அண்ணன் குனிந்து கையால் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது இவன் மண்வெட்டியைப் போட்டான். அண்ணனுடைய வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வாய்க்காலில் தேடினார்கள். ஒரு விரல் சேற்றில் கிடைத்தது, இன்னொன்று தண்ணீரோடு போய்விட்டது. கிடைத்த விரலை அண்ணன் துணியில் சுற்றி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தானே நடந்து வீட்டுக்குப் போனானாம். போலீசுக்குப் போகவில்லை. “போலீசு எதுக்கு? நான் பாத்துக்கிடுதேன்” என்றானாம். அதைக் கேட்ட அன்றைக்கே என் மனைவி தம்பியை வரவழைத்து, மறுநாள் காலை ரயிலில் இராஜபாளையத்துக்கு அனுப்பிவிட்டாள். அங்கே தெலுங்கு பேசுகிற ஒரு ராஜுவினுடைய பருத்தி அரவை ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டு கிடந்தான். அவன் இருக்கிற இடம் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இராப்போஜனம் எடுக்க விரும்புகிறவர்கள் முந்தின வாரமே ஐயரிடம் பேர் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டு உண்டு. பேர் எழுதுமுன் ஐயர் ஒரு கேள்வி கேட்பார்: யார் மேலாவது வன்மம் இருக்கிறதா? இருந்தால் பேர் எழுதக்கூடாது. போய்ச் சமாதானம் பண்ணிவிட்டு வர வேண்டும். வன்மத்தோடு அந்த அப்பத்தைத் தின்றவன் தன் சாவைத் தின்கிறான் என்பது எங்கள் ஜனங்களின் உறுதியான எண்ணம். அந்த எண்ணத்துக்கு நெய் ஊற்றி வளர்த்தவன் நான். தம்பி மேல் பகையை வைத்துக்கொண்டு இராப்போஜனம் எடுத்த ஒருவன் கோயில் படி இறங்குமுன் ரத்தம் கக்கி விழுந்தான் என்று ஒரு கதை சொல்வேன். எனக்குக் கற்றுக் கொடுத்தவர் சொன்ன கதை. நடந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. சொன்னால் பெண்கள் அழுவார்கள், ஆண்கள் தலையைத் தொங்கப் போடுவார்கள். அது போதுமாயிருந்தது.

எட்டு மாதம் அண்ணன் பேர் கொடுக்கவில்லை. நான் வத்திராயிருப்புக்குப் போகும்போதெல்லாம் கேட்பேன். “இருக்கு மாப்பிள்ள. வன்மம் இருக்கு. எழுதாதீங்க” என்பான். பொய் சொல்லாத மனிதன் என்று எனக்கு அவன் மேல் மதிப்புத்தான் கூடியது. வலது கை பிடிமானம் போனதால் இடது கையால் வேலை செய்யப் பழகிக்கொண்டிருந்தான். தென்னந்தோப்பில் இடது கையால் இளநீர் சீவுகிறான், ஒரே வெட்டு, சிந்தாமல் வருகிறது என்று உபதேசியார் சொன்னார். நான் அதைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னேன். கர்த்தர் ஒரு கையை எடுத்தால் மறு கையைப் பலப்படுத்துவார் என்று. அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். மடையன் நான். வேறென்ன சொல்ல.

அடுத்த தை மாதம் போனபோது அவனே வந்தான். உபதேசியார் வீட்டு வாசலில் நான் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

“பேர் எழுதுங்க மாப்பிள்ள.”

“வன்மம்?”

“இல்ல.”

“உன் தம்பி மேல?”

 அந்த மூன்று விரல் கையை என் நோட்டின் மேல் வைத்தான். “தம்பியும் வரட்டும். ரெண்டு பேரும் ஒண்ணா எடுப்போம்” என்றான்.

அவன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். சந்தோஷம். இத்தனை வருஷம் அடித்தும் மிரட்டியும் நடத்திய ஊழியத்தில் இப்படி ஒரு பலன் நான் கண்டதில்லை. அந்த ஞாயிற்றை எப்படி நடத்த வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்துவிட்டேன். முதல் பந்தியிலேயே இரண்டு பேரும் பீடத்துக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட வேண்டும். சபை அதைப் பார்க்க வேண்டும். என் ஊழியத்தை நான் பார்க்க வேண்டும் என்று எழுதினால்தான் அது உண்மை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“தம்பி வர வேண்டாம்” என்றாள்.

“ஏட்டி, அவன் பேர் குடுத்திருக்கான்.”

“குடுக்கட்டும்.”

“வன்மத்த வச்சுக்கிட்டு அவன் பேர் குடுப்பானா? எட்டு மாசம் இருக்கு இருக்குன்னு சொன்னவன்.”

“எங்க பெரியப்பா வீட்டு ரத்தம் எனக்குத் தெரியும். உங்களுக்கு நோட்டுதான் தெரியும். பேர் உங்ககிட்ட குடுத்தான். அருவாளு அவன்கிட்டதான இருக்கு?”

அடித்துவிட்டேன். புறங்கையால். அவள் பக்கவாட்டில் சாய்ந்து அம்மியில் கன்னம் இடித்தது. களைந்த அரிசி தரையெல்லாம் கொட்டியது. விசுவாசமில்லாதவள், குருவானவர் வீட்டில் இருக்க லாயக்கில்லாதவள் என்று கத்தினேன். பிள்ளைகள் கதவோரம் நின்றார்கள். அவள் எழுந்து அரிசியைக் கூட்டி அள்ளினாள். அழவில்லை.

“அவன் உசிருக்கு ஒண்ணு வந்தா அது உங்க தலையில” என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இராஜபாளையத்துக்குப் போனேன். ஆலைக்குள் பஞ்சுத் தூசி புகைபோல நின்றது. மேஸ்திரி உள்ளே பார்த்து, “ஏமப்பா, மீ பாவ ஒச்சாரு” என்று தெலுங்கில் குரல் கொடுத்தார். உன் அத்தான் வந்திருக்கிறார் என்று அர்த்தம். தலையெல்லாம், புருவமெல்லாம் பஞ்சு ஒட்ட என் மைத்துனன் வந்தான். இளைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“பேர் குடுத்துட்டானா? நெசமாவா அத்தான்?”

“என் கையால எழுதுனேன்.”

“அவனா வந்தானா, நீங்க அடிச்சு எழுதுனீங்களா?”

“அவனா வந்தான். ஒன்னையும் வரச் சொன்னான்.”

அவன் புருவத்தில் இருந்த பஞ்சைத் துடைத்தான். “அப்பச் சரி. பேர் குடுத்தவன் ஏமாத்த மாட்டான். அண்ணன் கால்ல விழுந்திருதேன்” என்றான். பிறகு, “அக்கா என்ன சொல்லுதா?” என்று கேட்டான். அக்காவுக்கும் சந்தோஷம்தான் என்று சொன்னேன். குருவானவர் வாயிலிருந்து வந்த பொய் அது.

சனிக்கிழமை எல்லாருமாக வத்திராயிருப்புக்குப் போனோம். அவன் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தான். நான் கூடவே இருந்தேன். அண்ணன் குனிந்து, “எந்திரிலே” என்று அவன் தோளைத் தொட்டுத் தூக்கினான். மோர் கொடுத்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பி வந்து மனைவியிடம், “பாத்தியா?” என்றேன். அவளுடைய கன்னம் நீலம் பாய்ந்து கிடந்தது. நோட்டை எடுத்து, “ஒன் பேரை எழுதிக்கிடட்டுமா?” என்றேன்.

“வன்மம் இருக்கு. எழுதாதீங்க” என்றாள்.

“யார் மேல?”

“உங்க மேல.”

சபைக்காரர்கள் பக்கத்தில் இருந்ததால் என் கை சும்மா இருந்தது.

ஞாயிறு காலை கோயில் நிறைந்துவிட்டது. இரண்டு பங்காளிகளும் சேர்ந்து எடுக்கப் போகிறார்கள் என்று பிளவக்கல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள், எல்லாரும் பாயில். அண்ணன் கதவோரம் உட்கார்ந்திருந்தான். முன்னால் வரச் சொன்னேன். “இங்கன காத்து வருது மாப்பிள்ள” என்றான். நான் வற்புறுத்தவில்லை.

முதல் பந்தியைக் கூப்பிட்டேன். ஆண்கள் வந்து பீடத்தடி மரக் கிராதிக்கு முன்னால் முழங்காலிட்டார்கள். என் மைத்துனன் தனக்கு வலது பக்கம் ஓர் ஆள் இடம் விட்டு முழங்காலிட்டான். அப்பத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்தேன். அந்த இடம் காலியாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் கதவோரமே உட்கார்ந்திருந்தான். முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்திருந்தான். காலியிடத்தைத் தாண்டி என் மைத்துனன் கையில் அப்பத்தை வைத்தேன். அவன் கண்ணை மூடியிருந்தான். மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது அண்ணன் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தான்.

அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. புரியவில்லை, யோசிக்க நேரமில்லை என்றுதான் சொல்லி வந்தேன். பொய். வன்மம் போன மனிதன் ஏன் எழுந்து போகிறான்? பேர் கொடுத்தவன் ஏன் எடுக்கவில்லை? அவன் சாப்பிடப் பயப்படுகிறான். ஏன் பயப்படுகிறான் என்று கோயிலில் இருந்த அத்தனை பேரில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ரத்தம் கக்கிச் செத்தவன் கதையை அவனுக்குச் சொன்னவன் நான்தானே.

பாத்திரத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு, “கதவைச் சாத்துங்க” என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைத்துனன் தோளைப் பிடித்து அங்கேயே உட்கார வைத்திருக்கலாம். சொல்லவில்லை. முறைப்படி நடக்கிற ஆராதனையை நடுவில் நிறுத்தக்கூடாது என்று மனசுக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது காரணமில்லை. நிறுத்தினால், கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கிற என் பெண்டாட்டியிடம் நீ சொன்னதுதான் சரி என்று முழுச் சபைக்கு முன்னால் ஒப்புக்கொண்டது போலாகும். அதுதான் காரணம். வேறு கிடையாது.

ஆண்கள் பந்தி இரண்டு முடிந்தது. பெண்களைக் கூப்பிட்டேன். முதல் ஆளாக என் மனைவி வந்து முழங்காலிட்டாள். பேர் கொடுக்காதவள். மனசு மாறிவிட்டாள், என்னை மன்னித்துவிட்டாள் என்று ஒரு கணம் நினைத்தேன். முறைப்படி வலது உள்ளங்கையை இடது உள்ளங்கை மேல் வைத்து நீட்டினாள். தலையை நிமிர்த்தாமல் பேசினாள்.

“அண்ணன் வெளிய போயிட்டான். திரும்பி வரல. தம்பிய வெளிய விடாதீங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கேன்.”

ஒரு பெண் இராப்போஜன நேரத்தில் எழுந்து ஆண்கள் பக்கம் போக முடியாது. கோயிலுக்குள் அவள் நடந்து வரக்கூடிய பாதை பெண்கள் பாயிலிருந்து கிராதி வரைக்கும்தான். அந்தப் பாதையில் வந்து என்னிடம் சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அப்பத்தை எடுத்து, சொல்ல வேண்டிய வாசகத்தை மற்றவர்களுக்குச் சொன்ன அதே குரலில் சொல்லி, அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனேன்.

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்பத்தைத் தின்னாமல் கையை மூடிக்கொண்டு எழுந்தாள். வழக்கத்தைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போனாள். தம்பி அங்கே இல்லை. அண்ணனைக் காணோமே என்று தேடி, ‘அண்ணனுக்கு என்னமோ ஒரு மாதிரி இருக்கு, கூட்டிட்டு வாரேன்’ என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு அப்போதுதான் வெளியே போயிருந்தான். பேர் கொடுத்தவனை அவன் அந்த அளவுக்கு நம்பினான். என் மனைவி ஓடினாள்.

முதல் சத்தம் அவனுடையது. இரண்டாவது அவளுடையது. ஆண்கள் எழுந்து கதவை நோக்கி ஓடினார்கள், பெண்கள் அலறினார்கள், பாயெல்லாம் சுருண்டு கிடந்தது. நான் அசையவில்லை. கிராதியில் மிச்சமிருந்த ஏழெட்டுப் பெண்களுக்குத் திராட்சரசப் பாத்திரம் கொடுத்தேன். கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே குடித்தார்கள். மீந்ததை நானே குடித்தேன், பாத்திரத்தைக் கழுவித் துடைத்தேன், காலியான கோயிலுக்கு ஆசீர்வாதம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வெளியே போனேன்.

வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் என் மைத்துனன் கிடந்தான். அண்ணன் அருவாளை வண்டி வைக்கோலுக்குள் வைத்திருந்திருக்கிறான். இடது கை வெட்டு, கழுத்தின் வலது பக்கம், ஒரே வெட்டு. இரண்டாவது வெட்டு நடுவில் பாய்ந்த என் மனைவியின் முன்கையில். அவள் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு கழுத்தை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அமுக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கையை எடுக்கவில்லை. வைக்கோல், மண், அவள் சேலை எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. அண்ணன் ஓடவில்லை. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அருவாளைப் பக்கத்தில் வைத்திருந்தான்.

நான் பாய்ந்து அவனை அடித்தேன். முகத்தில், நெஞ்சில், காலால், கையால். அவன் தடுக்கவில்லை. ஆட்கள் வந்து என்னை இழுத்தார்கள். மூக்கில் ரத்தத்தோடு அவன் சொன்னான்:

“பேர் குடுத்தது உங்ககிட்ட மாப்பிள்ள. சாப்பிடது ஆண்டவர்கிட்டல்லா. அவர எப்படி ஏமாத்த? அதான் எந்திரிச்சு வந்துட்டேன். நீங்களும் பாத்தீங்க.”

அந்தக் கடைசி வார்த்தையை யாரும் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன்.

கிணற்றடியில் பெண்கள் என் மனைவியின் கையைக் கட்டினார்கள். மூடியிருந்த மற்றக் கையை விரித்தார்கள். அந்த அப்பத் துண்டு ரத்தத்தில் ஊறி உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு முறைதான் நினைவுக்கு வந்தது. அதைக் கீழே போடக்கூடாது, குருவானவர் சாப்பிட்டுவிட வேண்டும். “அதத் தா” என்று கை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே வாளித் தண்ணீரில் கையை முக்கிக் கழுவினாள்.

மறுநாள் மைத்துனனை நானே அடக்கம் பண்ணினேன். போலீஸ் விசாரணை வந்தது. ஆராதனை நடுவில் யாருக்காவது சந்தேகம் வந்ததா, யாராவது யாரிடமாவது சொன்னார்களா என்று கேட்டார்கள். நான் இல்லை என்றேன். அடுத்து என் மனைவியைக் கூப்பிட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு வந்து நின்றாள். 

“நான் இராப்போஜனம் எடுக்கப் போனேன். சத்தம் கேட்டு ஓடுனேன். வேற ஒண்ணும் தெரியாது” என்றாள்.

அண்ணன் சிறைக்குப் போனான், அங்கேயே செத்தான். எனக்குப் பேர் வந்தது. வெளியே கொலை விழுந்தும் அசையாமல் நின்று திருவிருந்தை முடித்த ஐயர் என்று என் சபைகள் அடங்கிய சேகரம் முழுக்கப் பேசினார்கள். சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று பாராட்டினார்கள். என்ன விசுவாசம், என்ன விசுவாசம் என்று என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடமே சொன்னார்கள். அவள் அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். இப்போது அவள் கண்ணை மூடி மூன்று வருஷமாகிறது. இனிமேலாவது எழுதாவிட்டால் நான் மனுஷனில்லை.

மைத்துனன் அடக்கம் முடிந்து பத்து நாள் இருக்கும். மத்தியானம் பிள்ளைகள் நால்வரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒற்றைக் கையால் பரிமாறிக்கொண்டிருந்தாள். அடுப்படி வாசலில் நின்று மெதுவாகக் கேட்டேன், போலீசிடம் ஏன் சொல்லவில்லை என்று.

அவள் கரண்டியை வைக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“சொன்னா உங்கள வேலைய விட்டு எடுத்துருவாக. இந்த நாலுக்கும் சோறு வேணும். அதுக்கு நீங்க வேணும்” என்றாள். பிறகு, “எனக்கு வேண்டாம்” என்றாள்.

சொல்லிவிட்டு எனக்கும் ஒரு தட்டு வைத்துச் சோறு போட்டாள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்.